புல் பார் வேண்டுமா, வேண்டாமா? ஆஸ்திரேலியச் சாலைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வண்டிக்குப் புல் பார் வாங்கப்போகிறேன் என்று தொலைபேசியில் சொன்னபோது, "அங்கே புல்லைப் பார்ப்பதற்கும் காசு கொடுக்க வேண்டுமா?" என்று கேட்டார் என் அம்மா. புல் என்றால் இங்கே காளை, பார் என்றால் இரும்புக் கம்பி என்று விளக்கினேன். "காளை குறுக்கே வந்தால் பிரேக் போடு, இரும்பு எதற்கு?" என்றார். அதன்பின் நான் பேசிய எந்தக் கடைக்காரரும் விஷயத்தை இவ்வளவு சுருக்கமாகத் தொடவில்லை.

புல் பார் என்பது ஜீப், யூட் (பின்னால் திறந்த சரக்குத் தட்டு உள்ள வண்டி) போன்றவற்றின் முன்பக்க பிளாஸ்டிக் பம்பரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சேஸிஸோடு சேர்த்து முடுக்கும் கனமான சட்டம். கங்காருக்களை எண்ணி இதை 'ரூ பார்' என்றும் சொல்வார்கள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் டப்போ பக்கம் வந்து பார்த்தால், இரண்டு வண்டிக்கு ஒன்றில் இருப்பது போலத் தோன்றும். சிட்னியின் மேற்குப் புறநகர்களிலும் ஏராளம். அங்கே இவை சந்திக்கும் மிகக் கொடிய விலங்கு பேரங்காடியின் தள்ளுவண்டிதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். புல் பார் உங்கள் உயிரைக் காப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. அந்த வேலைக்குத்தான் சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் மடங்கிக்கொடுக்கும் முன்பகுதியும் இருக்கின்றன. விலங்கையும் அது காப்பாற்றாது. ரேடியேட்டரைக் காப்பதுதான் அதன் வேலை. மோதிய பிறகும் வண்டி தன் சக்கரத்திலேயே அடுத்த ஊர் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். இந்த ஒன்றுக்காக நீங்கள் பணம், எடை, சட்டச் சிக்கல், சாலையில் நடப்பவரின் பாதுகாப்பு ஆகியவற்றைக் கொடுக்கிறீர்கள். கொடுப்பது தகுமா என்று கணக்குப் பார்க்கத்தான் இந்த வழிகாட்டி.

கணக்கு எங்கே தொடங்கியது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாதம், சிட்னியிலிருந்து புரோக்கன் ஹில்லுக்குக் குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்தோம். ஏறத்தாழ 1,150 கி.மீ. வழி. கோபர் என்ற சுரங்க ஊரைத் தாண்டினால் வில்கேனியா வரை 260 கி.மீ.; இடையில் ஊர் என்று சொல்ல எதுவும் இல்லை. அங்கே ஜூலையில் மாலை ஐந்தரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். புரோக்கன் ஹில் தன் கடிகாரத்தைச் சிட்னிக்கு அரை மணி பின்னால் வைத்திருக்கிற ஊர். அதனால் அரை மணி மிச்சம் இருக்கிறது என்று மனம் கணக்குப் போட்டது. சூரியனுக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை.

வில்கேனியாவுக்கு நாற்பது கி.மீ. இருக்கும்போது இடப்பக்கப் புதரிலிருந்து ஒரு செங்கங்காரு பாய்ந்தது. சத்தம் ஒரு மூட்டை அரிசியை மாடியிலிருந்து போட்டது போல இருந்தது. ஏர்பேக் விரியவில்லை, யாருக்கும் கீறல்கூட இல்லை. இறங்கிப் பார்த்தால் சேதமும் பெரிதாகத் தெரியவில்லை: ஒரு முகப்பு விளக்கு இல்லை, கிரில் உள்ளே போயிருந்தது, அவ்வளவுதான். ஆனால் சிவந்த மண்ணில் பச்சை நிறத்தில் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. ரேடியேட்டர் தண்ணீர். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொட்டு ஒழுக்காயிற்று. கிரில்லின் பிளாஸ்டிக் சில்லு ஒன்று ஏ.சி. கண்டென்சரைத் துளைத்து, அதற்குப் பின்னால் இருந்த ரேடியேட்டரிலும் நாலு விரல் நீளத்துக்குக் கிழித்திருந்தது.

கைப்பேசியில் சிக்னல் இல்லை. பல டிரெய்லர்களை வரிசையாக இழுத்துச் செல்லும் 'ரோட் டிரெயின்' லாரிக்காரர் ஒருவர் நிறுத்தித் தன் ரேடியோவில் தகவல் சொன்னார். இழுவை வண்டி வரும்போது இரவு பத்து. குளிர் இரண்டு டிகிரி. பின்சீட்டில் குழந்தைகள் முறுக்கு டப்பாவைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். அந்த நான்கரை மணி நேரத்தைத்தான் புல் பார் தடுத்திருக்கும். வேறு எதையும் அல்ல.

முதல் படி: கருக்கல் கிலோமீட்டரை எண்ணுங்கள்

உங்கள் வண்டி ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பது இங்கே பயனற்ற எண். விடிவதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம், அந்திக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம், பிறகு முழு இரவு. இந்த நேரங்களில், ஊருக்கு வெளியே, 80 கி.மீ. வேகத்துக்கு மேல் எவ்வளவு ஓட்டுகிறீர்கள்? நான் இதைக் கருக்கல் கிலோமீட்டர் என்று சொல்கிறேன். கங்காருக்கள் பகலில் நிழலில் கிடந்து, கருக்கலில் மேயக் கிளம்புகிறவை. மழைத்தண்ணீர் வழிந்து தேங்குவதால் சாலையோரப் புல்தான் எப்போதும் பசுமையாக இருக்கும். வறட்சிக் காலத்தில் இன்னும் மோசம்.

இதற்காகப் பெரிய ஏடு எதுவும் வேண்டாம். சென்ற ஆண்டுக் கைப்பேசிப் படங்களைத் திறந்து, ஊர் தாண்டிய பயணங்களை எண்ணி, ஒவ்வொன்றிலும் இருட்டில் எவ்வளவு ஓடினோம் என்று ஒரு தாளில் எழுதினாலே போதும். சிட்னியில் இருந்தபோது என் கணக்கு ஓர் ஆண்டுக்கு 600 கி.மீ.தான் வந்தது, அதிலும் பாதி, நான் கொஞ்சம் முன்னதாகக் கிளம்பியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடியது. எனவே வில்கேனியா விபத்துக்குப் பிறகும் நான் புல் பார் போடவில்லை. நேரத்தை மாற்றினேன்: மாலை நான்கு மணிக்கு வண்டி நிற்க வேண்டும், எங்கே இருந்தாலும் சரி. உள்நாட்டுப் பகுதிகளில் சூரியன் மறைந்த பின் தங்கள் வண்டியை ஓட்டக்கூடாது என்று வாடகைக் கார் நிறுவனங்கள் பல ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்கின்றன. இழப்பைக் கணக்கிட்டே பிழைப்பவர்கள் அவர்கள். அவர்கள் சொன்னால் கேட்கலாம்.

பிறகு என் மனைவிக்கு டப்போ மருத்துவமனையில் வேலை கிடைத்தது. வாரம் ஒரு நாள் நிங்கன் கிளினிக். போக 165 கி.மீ., வர 165 கி.மீ. போவது விடியலில், வருவது அந்தியில். ஆண்டுக்குப் பதினைந்தாயிரம் கிலோமீட்டரை ஒட்டி வந்தது. நேரத்தை மாற்றும் உரிமையும் நம் கையில் இல்லை. அப்போதுதான் அடுத்த படிக்கே போனேன்.

கோடு எங்கே என்று கேட்டால் என் தீர்ப்பு இது: கருக்கல் கிலோமீட்டர் ஆயிரத்துக்குக் கீழே இருந்து, பயண நேரம் உங்கள் கையில் இருந்தால், இத்துடன் வாசிப்பதை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்குங்கள்.

இரண்டாம் படி: எதன்மீது மோதப்போகிறீர்கள்?

எல்லா விலங்குக்கும் ஒரே கம்பி பதில் சொல்லாது. சாம்பல் கங்காருவும் செங்கங்காருவும் இந்தப் பார் எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த அளவு: பெரும்பாலும் முப்பதிலிருந்து எழுபது கிலோ, நன்கு வளர்ந்த ஆண் செங்கங்காரு என்றால் எண்பதைத் தாண்டும். ஈமுவும் ஏறத்தாழ இந்தக் கணக்கில்தான். வாம்பட் குட்டையானது, கல்லுருண்டை போன்றது. பாருக்கு அடியில் நுழைந்து சக்கரத்தைத் தூக்கிவிடும். வடக்கே வேலியில்லாத பண்ணைகளில் நானூறு ஐந்நூறு கிலோ மாடு சாலையில் படுத்திருக்கும். மத்தியப் பாலைவனத்திலும் நல்லார்பர் சமவெளியிலும் காட்டு ஒட்டகம். அதன் கால்கள் பானெட்டுக்குக் கீழே, உடல் நேராகக் கண்ணாடிக்கு நேரே. மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் புல் பார் பதில் இல்லை. வேகத்தைக் குறைப்பதுதான் பதில்.

குறைத்தால் எவ்வளவு கிடைக்கிறது என்று ஒரு முறை போட்டுப் பாருங்கள். அறுபது கிலோ கங்காருவை 100 கி.மீ. வேகத்தில் மோதும்போது அதன் ஆற்றல் சுமார் 23,000 ஜூல். 80 கி.மீ. வேகத்தில் 14,800 ஜூல். வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்ததற்கு அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது, காசு செலவில்லாமல். இன்னொன்று: 100 கி.மீ. வேகத்தில், கண் பார்த்து கால் பிரேக்கைத் தொடும் ஒன்றரை விநாடிக்குள் வண்டி 42 மீட்டர் ஓடியிருக்கும். சாதாரண லோ பீமின் பயன் ஐம்பது அறுபது மீட்டரோடு தேய்ந்துவிடுகிறது. அதாவது நீங்கள் பிரேக் மிதிக்கத் தொடங்கும்போது கங்காரு ஏறக்குறைய உங்கள் மூக்கில்.

பம்பரில் ஒட்டும் ஊதல்கள், மீயொலிக் கருவிகள் பற்றி ஒரு வரி: இப்படி விற்கப்பட்ட ஒரு கருவியை மெல்பர்ன் பல்கலைக்கழகத்தார் சோதித்தபோது கங்காருக்கள் அதைச் சட்டை செய்ததாகவே தெரியவில்லை.

மூன்றாம் படி: எடைமேடைக்குப் போங்கள்

பலரும் தவறவிடும் படி இது. எஃகு புல் பார் வண்டியைப் பொறுத்து ஐம்பதிலிருந்து எண்பது கிலோ. அலுமினியம் ஏறத்தாழ முப்பதிலிருந்து நாற்பத்தைந்து. அதில் வின்ச் (புதைந்த வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்கும் மோட்டார்) வைத்தால் இன்னும் இருபத்தைந்து முதல் நாற்பது கிலோ. "ஒரு ஆள் எடைதானே" என்பார்கள். அந்த ஆள் சீட்டில் உட்காரவில்லை, மூக்கில் தொங்குகிறார் என்பதுதான் சிக்கல்.

ஏற்றம் இறைப்பவர் எடையைத் துலாவின் நுனியில் வைப்பது போன்ற கணக்கு. முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2.8 மீட்டர், புல் பார் முன் அச்சுக்கு 0.9 மீட்டர் முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோ பாரைப் பொருத்தினால் முன் அச்சில் ஏறுவது 60 அல்ல, 79 கிலோ. மிகுதி 19 கிலோ பின் அச்சிலிருந்து தூக்கப்பட்டு முன்னால் வந்துவிடுகிறது. 30 கிலோ வின்ச்சும் சேர்ந்தால் முன் அச்சில் 119 கிலோ கூடும்.

இதை எதனோடு ஒப்பிடுவது? வண்டியின் கையேட்டில் மூன்று எண்கள் இருக்கும்: மொத்த எடை வரம்பு, முன் அச்சு வரம்பு, பின் அச்சு வரம்பு. பயணத்துக்குப் போவது போலவே டீசல் நிரப்பி, குடும்பத்தை ஏற்றி, தண்ணீர் கேன்களை அடுக்கிப் பொது எடைமேடைக்கு ஓட்டிப்போங்கள். முன் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு எடை, முழு வண்டியையும் நிறுத்தி இன்னொரு எடை. நான் போனபோது மேடைக்காரர், "குழந்தைகளுமா?" என்று கேட்டார். அவர்களும் எடைதானே என்றேன். என் யூட்டில் முன் அச்சுக்கு 140 கிலோ இடமிருந்தது. மொத்த வரம்பில் வெறும் 95 கிலோ. அந்தத் தாளைப் பார்த்த உடனே வின்ச் ஆசையைக் கைவிட்டேன். வரம்பு மீறினால் போலீஸ் அபராதம் ஒரு பக்கம். விபத்தில் காப்பீட்டு நிறுவனம் கைவிரிப்பதற்கு நாமே காரணம் எழுதிக் கொடுத்தது போல் ஆகும்.

எடை ஏறினால் முன் ஸ்பிரிங் தாழும். எஃகு பார் என்றால் கனமான ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்த்தே விலை கேளுங்கள். பாரின் விலையை மட்டும் பார்த்து மயங்குவது, மாட்டுக்கு விலை பேசிவிட்டுத் தீவனத்தை மறப்பது போல.

நான்காம் படி: சட்ட விதிகளும் ஏர்பேக்கும்

ஏர்பேக் கண்ணால் பார்த்து விரிவதில்லை. மோதும்போது வண்டி எவ்வளவு சடுதியில் வேகம் இழக்கிறது என்பதை சென்சார் அளந்து முடிவெடுக்கிறது. முன்னால் விறைத்த இரும்பை நேரே சேஸிஸில் முடுக்கிவிட்டால் அந்த அளவே மாறிப்போகும். தேவையில்லாத சிறு மோதலில் விரியலாம், தேவையான பெரிய மோதலில் தாமதிக்கலாம். அதனால்தான் நல்ல தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியாக, பம்பரைப் போலவே நசுங்கிக்கொடுக்கும் தாங்கிகளை வடிவமைக்கிறார்கள்.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. "என் வண்டியின் இந்த மாடலுக்கும் இந்த ஆண்டுக்கும் ஏர்பேக் பொருத்தம் சோதிக்கப்பட்டதா, எழுத்தில் தருவீர்களா?" என்று கேளுங்கள். முன்பக்க மோதல் பாதுகாப்புக்கான ஆஸ்திரேலிய வடிவமைப்பு விதிகள் 69-ம் 73-ம்; பாரின் வடிவத்துக்கான தரநிலை ஏ.எஸ். 4876.1, 2002-ல் வந்தது. இந்த எண்களைச் சொன்னாலே விற்பவர் நிமிர்ந்து உட்காருவார். அவருக்கு அவை புதிதாக இருந்தால், நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அந்தத் தரநிலையின் சாரம் எளிது. பார் வண்டியின் முகத்தை ஒட்டிப் பின்சாய்ந்து போக வேண்டும், முன்னே துருத்தக்கூடாது. கூரிய முனைகள் கூடாது. முகப்பு விளக்கு, இண்டிகேட்டர், எண் பலகை எதையும் மறைக்கக்கூடாது. ஓட்டுநரின் பார்வையை விளக்கோ ஏரியலோ மறிக்கக்கூடாது. தூண்டில் கழி செருகும் குழாய்களைப் பாரில் பற்றவைப்பது கடலோர ஊர்களில் நெடுநாள் பழக்கம். அவை நீட்டிக்கொண்டிருப்பதற்காகவே அபராதம் கட்டியவர்கள் உண்டு. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் சிறிது வேறுபடும் என்பதால், உங்கள் மாநிலப் போக்குவரத்துத் துறையின் வாகன மாற்ற விதித்தாளை ஒரு முறை படித்துவிடுங்கள்.

பழைய பாரை யாரிடமிருந்தோ பாதி விலைக்கு வாங்கலாமே என்பவர்களுக்கு ஒரு கதை. வென்ட்வொர்த்வில் நண்பர் ஒருவர் அப்படித்தான் வாங்கினார். மாடல் ஒன்றுதான், ஆண்டுதான் இரண்டு முந்தியது. துளைகள் சரியாகப் பொருந்தின. அவர் வண்டியில் இருந்த ரேடார் அந்தப் பழைய ஆண்டு வண்டியில் கிடையாது. பொருத்திக் கொடுத்த பட்டறைக்காரர் ரேடார் முகத்துக்கு நேரே இரண்டு மில்லிமீட்டர் எஃகைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அவர் அதை எட்டு மாதம் பார்த்தும் பாராமல் ஓட்டினார்; தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி அந்த எட்டு மாதமும் வேலை செய்யவில்லை. கங்காருவுக்காகப் போட்ட கவசம், தினமும் நெரிசலில் உதவிய கண்ணைக் குருடாக்கிவிட்டது. சிட்னியின் பரமட்டா சாலையில் அவர் இதுவரை ஒரு கங்காருவையும் சந்திக்கவில்லை. சொல்ல மறந்தேன்: பார் நீளத்தால் அவர் வீட்டு வண்டிக்கொட்டகைக் கதவு இப்போது மூடுவதில்லை. வாங்கும் முன் ஒரு டேப்பை எடுத்து அளந்திருந்தால் தெரிந்திருக்கும்.

உங்கள் வண்டி அண்மையில் வந்தது என்றால் ரேடார், பார்க்கிங் சென்சார், முன் கேமரா மூன்றும் பாரில் எங்கே குடியேறும், பொருத்திய பின் அவற்றைச் சரிப்படுத்தும் மறுஅளவீட்டைச் செய்வது யார், அதற்குக் கட்டணம் எவ்வளவு என்ற மூன்றையும் விலைச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

ஐந்தாம் படி: நடப்பவரை நினைத்துப் பாருங்கள்

கார்களின் முகப்பை மென்மையாக்கப் பொறியாளர்கள் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். ஆள்மீது மோதினால் பம்பர் அமுங்கும், பானெட் நெளியும். அதன் முன்னால் இரும்புக் குழாயை நிறுத்தினால், ஒரு குழந்தையின் தலைமட்டத்தில் மடங்காத ஒரு பொருளை நாம் கொண்டுபோகிறோம். அடிலெய்ட் பல்கலைக்கழகத்தின் வாகனப் பாதுகாப்பு ஆய்வு மையம் பல பார்களைப் பாதசாரி மோதல் சோதனைக்கு உட்படுத்தியபோது எஃகுதான் மிக மோசமாக இருந்தது. பாலிமர் வகை ஒப்பளவில் தேவலை. ஐரோப்பிய ஒன்றியம் 2005-ல் கொண்டுவந்த விதிகளின்படி, பாதசாரி சோதனையில் தேறாத முன்பக்கச் சட்டங்களை அங்கே விற்க முடியாது.

பள்ளி வாசலுக்கும் கோயில் வாகன நிறுத்தத்துக்கும் மட்டும் போகிற வண்டி என்றால் எஃகு பார் போடுவது தவறு என்றே நினைக்கிறேன். தோற்றத்துக்காக என்று சொல்பவர்களோடு வாதாட எனக்கு விருப்பமில்லை. ஆனால் யாருடைய செலவில் அந்தத் தோற்றம் என்பதை அவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு முடிவு எளிது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு இது முரணானது என்று சொல்லி, புல் பார், கிராஷ் கார்டு பொருத்திய வண்டிகள்மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரில் ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. மஹிந்திரா 'தார்' ஜீப்புக்கு இங்கே பார்த்த பாரை அங்கே தேட வேண்டாம்.

ஆறாம் படி: எந்த வகை?

இதுவரை வந்தும் வேண்டும் என்று முடிவு செய்திருந்தால், தேர்வு கடினமில்லை.

நட்ஜ் பார் என்று ஒற்றை வளையம் ஒன்று மலிவாகக் கிடைக்கும். விளக்கு மாட்ட நல்லது. கங்காருவுக்கு எதிராக அதை நம்பினால், அதுவே ரேடியேட்டருக்குள் போய் உட்காரும்.

எஃகு: கனம், வலிமை, மலிவு, வளைந்தால் பட்டறையில் நிமிர்த்தலாம், பெயின்ட் உரிந்தால் துருப்பிடிக்கும். அலுமினியம்: எடை குறைவு, துருவில்லை, அடி பலமாக விழுந்தால் வளைவதைவிட விரிசல் விடும், ஒட்டவைப்பது எல்லாப் பட்டறையிலும் நடக்காது. பாலிமர்: தென் ஆஸ்திரேலியாவில் செய்யப்படும் ஸ்மார்ட்பார் இந்த வகையில் பெயர்பெற்றது, சிறு மோதலில் உள்வாங்கித் தன் வடிவத்துக்குத் திரும்பும். பார்க்க முதலையின் தாடை போல இருக்கும். எனக்குப் பிடிக்கும், என் மகளுக்குப் பிடிக்கவில்லை.

மேலே முகப்பு விளக்குகளைச் சுற்றி வளையம் வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. வளையமில்லாத பார் அழகு, எடையும் குறைவு. ஆனால் கங்காரு தாவுகிற விலங்கு. அது பாரின் உயரத்துக்குமேல்தான் பெரும்பாலும் வந்து விழுகிறது. கருக்கல் கிலோமீட்டருக்காகப் போடுகிறீர்கள் என்றால் வளையத்தோடு போடுங்கள். மணல்மேடு, பாறைத்தடம் என்று போகிறவர்களுக்கு வேறொரு பயன் உண்டு: பிளாஸ்டிக் பம்பரின் தாழ்ந்த உதடு போய்விடுவதால் செங்குத்தான மேட்டில் மூக்கு இடிக்காமல் ஏறலாம். அவர்களுக்கு வளையம் தேவையில்லை. ஒன்று மட்டும் அவர்கள் மறக்கக்கூடாது: புதைந்த வண்டியை இழுக்கக் கயிற்றைப் பாரின் குழாயில் கட்டக்கூடாது. சேஸிஸில் முடுக்கிய, எடைத்தாங்கு திறன் பொறித்த கொக்கியில்தான் கட்ட வேண்டும். பிய்ந்து பறக்கும் இரும்பு, பின்னால் நிற்பவரின் உயிரை எடுத்துவிடும்.

1973-ல் பிரிஸ்பேனில் தொடங்கிய டி.ஜே.எம்., 1975-ல் மெல்பர்னில் தொடங்கிய ஏ.ஆர்.பி. முதலிய பழைய பெயர்கள் உண்டு. வண்டி நிறுவனமே விற்கும் பாரும் உண்டு. விலை, பொருத்துகூலியோடு 3,000 டாலரை ஒட்டி வரும், சில மாடலுக்கு இன்னும் மேலே. ஸ்பிரிங், மறுஅளவீடு எல்லாம் அதற்கு வெளியே. நான் வளையம் வைத்த அலுமினியத்தை எடுத்தேன். 95 கிலோவில் 41 போயிற்று.

பணம் கட்டும் முன் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொல்லி, பாலிசியில் ஏற்றிய கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். பத்து நிமிட வேலை.

ஏழாம் படி: பொருத்தும் நாளன்று

காலையில் விட்டு மாலையில் எடுக்கலாம். எடுக்கும்போது சாவியை வாங்கிக்கொண்டு அப்படியே கிளம்பிவிடாதீர்கள். வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி முகப்பு விளக்கை எரியவிடுங்கள். மூக்கு தாழ்ந்திருந்தால் ஒளி வழக்கத்தைவிடக் கீழே விழும், ஸ்பிரிங் மாற்றி உயர்ந்திருந்தால் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். இரண்டுமே திருத்தக்கூடியவை. இண்டிகேட்டர், ஹாரன், கண்ணாடி கழுவும் தண்ணீர் மூன்றையும் இயக்கிப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியை இடம் மாற்றிவிட்டு மோட்டாரை இணைக்க மறந்துவிட்டார்கள் என்பது எனக்கு அடுத்த வாரப் புழுதியில்தான் தெரிந்தது. இணக்கச் சான்றுத் தகடு பாரில் ஒட்டியிருக்கிறதா பார்த்து, அதைப் படம் எடுத்து வையுங்கள். பாருக்கும் மட்கார்டுக்கும் இடையில் இரு பக்கமும் விரலை விட்டுப் பாருங்கள்; இடைவெளி சமமாக இல்லையென்றால் அங்கேயே சொல்லுங்கள்.

முதல் நெடுஞ்சாலை ஓட்டத்தில் என்ஜின் வெப்பமுள்ளில் ஒரு கண் இருக்கட்டும். காற்று போகும் வழியைப் பார் கொஞ்சம் அடைக்கிறது. டீசல் செலவும் சிறிது ஏறும். ஆயிரம் கி.மீ. ஓடிய பின் போல்ட்டுகளை மறுபடி முடுக்கச் சொல்லிக் கொண்டுபோங்கள். சக்கர அலைன்மென்டும் அப்போதே.

கடைசியாக, கழற்றிய அசல் பம்பர். பட்டறையில் "தூக்கிப் போட்டுவிடலாமா?" என்று கேட்பார்கள். வேண்டாம். நாளை வண்டியை நகரத்துக்காரருக்கு விற்கும்போது அது தேவைப்படும். விரிசல் விட்ட பாரைக் கழற்றும் நாளிலும் தேவைப்படும். வண்டியின் அகலத்துக்கு இருக்கும் அந்தப் பிளாஸ்டிக்கை வீட்டில் எங்கே வைப்பது என்பதுதான் சிக்கல். எங்கள் வீட்டில் அது சலவை இயந்திரத்துக்குப் பின்னால் சுவரோடு சாய்ந்து நிற்கிறது. அதன் முகப்பில் புது வண்டிப் பூஜையன்று வைத்த சந்தனப்பொட்டு இன்னும் இருக்கிறது.